சைவ்ஸ் வளர்ப்புப் பெட்டி: விதைக்காக வாங்கலாம், பெட்டிக்காக வேண்டாம்

வீட்டில் சைவ்ஸ் செடியை விதையிலிருந்து வளர்க்க விரும்புவோருக்கென்று விற்கப்படும் ஒரு வளர்ப்புப் பெட்டியை வாங்கி, விதைத்த நாளிலிருந்து 7 மாதங்கள் ஆன பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பொட்டலத்தைப் பிரித்த அன்றே, பெட்டி அழகாக இருக்கிறது, சொன்ன நாளில் வந்து சேர்ந்தது என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மெதுவாக முளைத்து, மெதுவாகத் தூர்கட்டி, பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் ஒரு செடியைப் பொறுத்தவரை அத்தகைய பாராட்டால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. என்னுடைய முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டிக்குள் இருந்த விதை மிக நல்ல விதை, அதைச் சுற்றி வைத்திருந்த மற்றவையெல்லாம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கையேடு, அந்த நல்ல விதையைக் கெடுப்பதற்கென்றே சேர்த்தவை போல இருந்தன.

சைவ்ஸ் வெங்காயத்தின் நெருங்கிய உறவுச் செடி. உள்ளே கூடான, 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல் இலைகளுக்காகவே அதை வளர்க்கிறோம். நாற்றுகள் தட்டில் எழுந்து நின்ற நாளில் அதைப் பார்த்த என் அக்கா, "காசு கொடுத்துக் கோரைப்புல்லா வாங்கி வளக்குற?" என்று கேட்டார். 1753-ல் இந்தச் செடிக்கு அலியம் ஸ்கீனோப்ராசம் என்று ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயரிலும் கோரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான் ஒளிந்திருக்கிறது என்பதால், அக்கா கேட்டதில் தவறு ஏதும் இல்லை. முதல் இரண்டு மாதங்களுக்கு இது கோரையைப் போலத்தான், அதுவும் நோஞ்சான் கோரையைப் போலத்தான் இருக்கும். அந்த இரண்டு மாதங்களை மறைத்துவிட்டு, ஊதாப் பூக்கள் குலுங்கும் புதரைப் படமாகப் போட்டு விற்பதுதான் இந்தப் பெட்டியின் முதல் குற்றம். விதையிலிருந்து வந்த செடி பெரும்பாலும் முதல் ஆண்டில் பூப்பதில்லை. ஒரு குளிர்ப் பருவத்தைக் கடந்து வந்த பிறகே பூந்தண்டு விடும். அந்தப் படத்தைப் பார்த்து வாங்கியவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பதைப் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் அச்சிடவில்லை.

பெட்டியைத் திறந்தால் 12 குழிகள் கொண்ட ஒரு சிறு குழித்தட்டு, அதற்கேற்ற ஒளி ஊடுருவும் மூடி, அழுத்திக் காயவைத்த 12 கோகோபீட் (தென்னை நார்த் துகள்) வில்லைகள், 1 கிராம் விதை, பெயர் எழுதிச் செருகுவதற்கான மரக் குச்சிகள், ஒரு சிறு கத்தரிக்கோல், மடித்து வைத்த கையேடு ஆகியவை இருந்தன. 12 குழிகளுக்கு 1 கிராம் விதை என்பது மிகத் தாராளம்; ஒரு கிராமில் ஏறக்குறைய 800 விதைகள் இருக்கும். அந்தத் தாராளம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

விதையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவர் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான பதிலாக இருப்பது அது ஒன்றுதான். வெங்காயக் குடும்பத்து விதைகளுக்கு ஆயுள் குறைவு. தக்காளி விதையை நான்கைந்து ஆண்டுகள் மேசை இழுப்பறையில் மறந்து வைத்திருந்தாலும் பெரும்பாலும் முளைத்துவிடும். சைவ்ஸ் விதையோ சாதாரண அறைச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் ஓரிரு ஆண்டுகளிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவே சைவ்ஸ் விதை வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் செய்தி அதன் வயது. ஆனால் பல பொட்டலங்களில் பொட்டலமிட்ட தேதியை மட்டுமே அச்சிடுகிறார்கள். பழைய மூட்டையிலிருந்து நேற்று அள்ளிப் போட்டிருந்தாலும் அந்தத் தேதி புதியதாகவே தெரியும். இந்தப் பெட்டியில் இருந்த பொட்டலத்தில் முளைப்புச் சோதனை செய்த மாதமும், அப்போது கிடைத்த 80 சதவீதம் என்ற அளவும் தனியாக அச்சிடப்பட்டிருந்தன. விதை உலோகத்தாள் உறைக்குள் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டுக்காகவும் விற்பனையாளரை மனமாரப் பாராட்டுகிறேன்.

அச்சிட்டதை அப்படியே நம்பிவிடாமல் நானும் சோதித்துப் பார்த்தேன். 50 விதைகளை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டின் மடிப்பில் பரப்பி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, 20 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பம் நிலவும் அலமாரிக்குள் இருட்டில் வைத்தேன். ஆறாவது நாள் முதல் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. 14-ஆம் நாள் எண்ணியபோது 38 விதைகள் முளைத்திருந்தன. அதாவது 76 சதவீதம். அச்சிட்டிருந்ததற்கு மிக நெருக்கம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வேறோர் இடத்தில் 3 ஆண்டுகளுக்கு முன் வாங்கி மிச்சம் வைத்திருந்த பொட்டலத்திலிருந்தும் 50 விதைகளை அதே டப்பாவில் வைத்திருந்தேன். அவற்றில் முளைத்தவை நான்கு. வெளித் தோற்றத்தில் இரண்டு விதைகளுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. இரண்டும் கறுத்து, கோணல் மாணலாக, கருஞ்சீரகத்தைப் போலவே இருந்தன.

விதையில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. இரகத்தின் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை. சைவ்ஸில் மெல்லிய இலை உள்ளவையும் ஸ்டாரோ என்ற இரகத்தைப் போலத் தடித்த இலை உள்ளவையும் உண்டு. நறுக்கி மேலே தூவுவதற்கு மெல்லிய இலையும், உறையவைத்துச் சேமிப்பதற்குத் தடித்த இலையும் ஏற்றவை என்பதால், இரகப் பெயர் இல்லாத பொட்டலம் அரைகுறைத் தகவலோடு வந்த பொட்டலமே. எனக்கு வந்தது நடுத்தரத் தடிமனுள்ள இலை. கலப்பு ஏதும் இல்லை. கலப்பைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூண்டுச் சைவ்ஸ் என்று வேறொரு செடி இருக்கிறது. அலியம் டியூபரோசம் என்னும் அதற்குக் குழல் இலை கிடையாது, தட்டையான நாடா போன்ற இலைதான். பூவும் ஊதா அன்று, வெள்ளை. மணமும் பூண்டு மணம். விதையாக இருக்கும்போது இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிவது பழகியவருக்கே கடினம். இதே விற்பனையாளர் பூண்டுச் சைவ்ஸ் பெட்டிக்கும் அதே ஊதாப் பூப் படத்தையே பயன்படுத்துகிறார் என்பதால், வாங்குவோர் படத்தை விட்டுவிட்டுப் பெயரை இருமுறை படித்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கையேட்டுக்கு வருகிறேன். ஒரு பொருளை மதிப்பிடுவதானால் அதனுடன் வந்த வழிமுறையை ஒரு முறையாவது எழுத்துப் பிசகாமல் பின்பற்ற வேண்டும் என்பது என் கொள்கை; எனவே முதல் விதைப்பை முழுக்க முழுக்க அவர்கள் சொன்னபடியே செய்தேன். வில்லைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து உப்பச் செய்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு விதையை வைத்து, விரலால் மெல்ல அழுத்தி, மண் எதுவும் மூடாமல் விட்டு, தட்டின் மேல் மூடியைப் பொருத்தி, நல்ல வெயில் விழும் சன்னலருகே 14 நாள் திறக்காமல் வைத்தேன். இந்த ஒரே வாக்கியத்துக்குள் நான்கு தவறுகள் அடங்கியிருக்கின்றன.

முதல் தவறு, ஒரு குழிக்கு ஒரு விதை என்பது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் பொருந்தும் இந்தக் கணக்கை அப்படியே சைவ்ஸ் தலையில் கட்டியிருக்கிறார்கள். தக்காளிச் செடி ஒன்று தனியாக நின்று பெருத்துக் கிளைவிடும். சைவ்ஸ் ஒருபோதும் தனியாக நின்று பெருப்பதில்லை. ஒரு விதையிலிருந்து வருவது நூல் போன்ற ஒரு செடி. அது அடியில் சிறு குமிழம் கட்டி, பக்கக் கன்றுகள் விட்டுக் கூட்டமாவதற்கு ஒரு முழுப் பருவம் வேண்டும். ஆகவே 8 முதல் 12 விதைகளை ஒரே இடத்தில் ஒரு சிட்டிகையாகப் போட்டு, அவற்றைப் பிரிக்காமல் ஒரே கொத்தாகவே வளர்த்து, ஒரே கொத்தாகவே நடுவதுதான் இதற்குரிய முறை. நெருக்கம் இந்தச் செடிக்குத் தீங்கு செய்யாது. குமிழங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வாழ்வதே அதன் இயல்பு. 800 விதைகளைக் கொடுத்துவிட்டு அவற்றில் 12 விதைகளை மட்டும் விதைக்கச் சொன்னவர், தாம் விற்கும் செடியை முழுமையாக ஒரு முறையேனும் வளர்த்துப் பார்த்திருப்பாரா என்று எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

இரண்டாவது, விதையை மூடாமல் விட்டது. சைவ்ஸ் விதைக்கு மேல் சுமார் 6 மில்லிமீட்டர் மண் இருக்க வேண்டும். மூடிய விதை இருட்டில் சீரான ஈரத்தோடு முளைக்கிறது. முளைத்து எழும்போது அந்த மண்ணின் பிடிமானமும் அதற்குத் தேவைப்படுகிறது. மேலே கிடந்த விதைகளில் முளைத்தவை, வேரைக் கீழே செலுத்த வழியின்றி, வில்லையின் மேற்பரப்பிலேயே வேரைப் பரப்பிச் சாய்ந்து கிடந்தன.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றோடொன்று பின்னியவை: மூடியும் வெயிலும். சைவ்ஸ் முளைப்பதற்கு 15 முதல் 21 டிகிரி வெப்பம் உகந்தது. வெயிலில் மூடி வைத்த தட்டுக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். நண்பகலில் 34 டிகிரி காட்டியது. மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. கோகோபீட்டின் மேல் பச்சைப் பாசி படர்ந்தது. ஒன்பதாம் நாளுக்குள் சிறு கறுப்பு ஈக்கள் குடியேறிவிட்டன. 12 விதைகளில் முளைத்தவை ஐந்து. அவற்றிலும் மூன்றின் தண்டு, மண்ணோடு சேரும் இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டியது போலச் சுருங்கி, ஒரே இரவில் மடிந்து விழுந்தது. இது நாற்றழுகல், தேங்கிய ஈரமும் அசையாத காற்றும் அதற்கு விருந்து. முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும் என்ற ஒரே வரியை அச்சிட்டிருந்தால் அந்த மூன்றும் பிழைத்திருக்கக்கூடும். இதே விதை, அலமாரி இருட்டில், ஒரு காகிதத் துண்டின் மடிப்பில் 76 சதவீதம் முளைத்தது என்பதை இங்கே மீண்டும் நினைவுபடுத்த விரும்புகிறேன்.

வில்லைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊறியதும் உப்பி நிற்பது பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்பதைத் தவிர அவற்றில் எனக்கு நன்மை ஏதும் தென்படவில்லை. கோகோபீட்டில் செடிக்கான உணவு ஏறத்தாழ இல்லை என்பதால், பிழைத்த இரண்டு நாற்றுகளும் ஐந்தாவது வாரத்தில் நுனி மஞ்சளாகி நின்றுவிட்டன. உரம் போட வேண்டும் என்று கையேட்டில் குறிப்பில்லை, பெட்டியிலும் உரம் இல்லை. வில்லையைச் சுற்றி ஒரு மெல்லிய வலையுறை இருக்கிறது. அப்படியே மண்ணில் புதைக்கலாம், மக்கிவிடும் என்கிறார்கள். 40-ஆம் நாள் ஒரு வில்லையைப் பிளந்து பார்த்தேன். வெள்ளை வேர்கள் வலையை ஊடுருவ முடியாமல் உள்ளுக்குள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருந்தன. 7 மாதங்களுக்குப் பிறகு, தொட்டியில் புதைத்திருந்த இன்னொன்றைத் தோண்டி எடுத்தபோதும் வலை புதிதாகவே இருந்தது. எப்படியும் பயன்படுத்தியே தீர்வேன் என்பவர், நடுவதற்கு முன் கத்தரிக்கோலால் வலையைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். அதுவும் பெட்டியோடு வந்த கத்தரிக்கோலால் முடியாது, ஏனெனில் அது காகிதத்தையே தயங்கித் தயங்கித்தான் வெட்டுகிறது.

இரண்டாவது விதைப்பை என் போக்கில் செய்தேன். பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டது விதையை மட்டும்தான். அடியில் துளையுள்ள 15 சென்டிமீட்டர் தொட்டிகள் நான்கில், சலித்த தோட்டமண்ணும் மண்புழு உரமும் கோகோபீட்டும் கலந்த, நீர் தேங்காத கலவையை நிரப்பினேன். தொட்டிக்கு மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிட்டிகை, அதாவது பத்துப் பன்னிரண்டு விதைகள் போட்டு, 6 மில்லிமீட்டர் மண் தூவி மூடினேன். மேலிருந்து நீர் ஊற்றினால் இந்தச் சிறு விதைகள் இடம் பெயர்ந்து ஓரத்தில் ஒதுங்கிவிடும் என்பதால், தொட்டியை நீருள்ள தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்ச விட்டேன். மேலே ஈரத் துணியொன்றைப் போர்த்தி நிழலில் வைத்து, நாள்தோறும் காலையில் தூக்கிப் பார்த்துவந்தேன்.

11-ஆம் நாள் காலையில் முதல் முளை தெரிந்தது. சைவ்ஸ் முளைப்பதை அருகிலிருந்து பார்க்காதவர்கள் ஒரு நல்ல காட்சியை இழக்கிறார்கள். மற்றச் செடிகளைப் போல இரண்டு இலைகளை விரித்துக்கொண்டு அது வருவதில்லை. கொண்டை ஊசியை வளைவு மேலே இருக்கும்படி மண்ணில் செருகியதைப் போல, மடிந்த பச்சை நூலொன்று முழங்காலை முதலில் வெளியே நீட்டுகிறது. ஒரு கால் வேரில் ஊன்றியிருக்க, மற்றொரு காலின் நுனி இன்னும் விதைக்குள்ளேயே இருந்து அதிலுள்ள உணவை உறிஞ்சிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு நாள்களில் அந்த நுனி விடுபட்டு நிமிரும்போது, கறுத்த விதைத்தோல் தீக்குச்சியின் தலையைப் போல உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கி உதவி செய்யக் கை துறுதுறுக்கும், செய்யக் கூடாது. நான் ஒன்றைப் பிடுங்கினேன்; நுனி அதனோடு கையில் வந்துவிட்டது. மற்றவை தாமாகவே தோலை உதிர்த்துக்கொண்டன. கையேட்டில் இந்தக் கட்டத்துக்குப் போட்டிருக்கும் படம் இரண்டு அகன்ற வித்திலைகள் கொண்ட ஏதோ ஒரு நாற்று. தக்காளிக் கையேட்டிலிருந்து படத்தையும் எடுத்துக்கொண்டார்கள் போலும்.

முதல் முளை தெரிந்த அன்றே துணியை எடுத்துவிட்டு, தொட்டிகளை வெளிச்சமான சன்னலுக்கு மாற்றினேன். 20-ஆம் நாளுக்குள் நான்கு தொட்டிகளிலும் எல்லாக் கொத்துகளும் முளைத்துவிட்டன. நாற்றழுகல் எதுவும் இல்லை. அதன் பிறகு வருவது பொறுமையைச் சோதிக்கும் காலம். 30 நாளில் அறுவடை என்று பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. 30-ஆம் நாள் என்னிடம் இருந்தவை 6, 7 சென்டிமீட்டர் உயரமான, தையல் நூலைவிடச் சற்றே தடித்த பச்சை இழைகள். இரண்டாவது இலை முதல் இலையின் பக்கத்திலிருந்து அப்போதுதான் கீறிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் வெட்டியிருந்தால் செடியே முடிந்திருக்கும். என் முதல் அறுவடை 82-ஆம் நாள், இலைகள் 15 சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகு. இதில் என் விதையோ என் கையோ மெத்தனம் காட்டவில்லை; விதையிலிருந்து வரும் சைவ்ஸுக்கு இரண்டரை, மூன்று மாதம் என்பது இயல்பான கணக்கு. முளைக்கீரை போன்ற இளங்குருத்துகளாக மொத்தமாக அரிந்து உண்பதற்கு விதைப்பவர்களுக்கு 30 நாள் பொருந்தலாம். பெட்டியின் மேல் புதர் படம் போட்டவர் அந்தக் கணக்கைச் சொல்வது முறையன்று.

வெட்டும் முறையைக் கையேடு ஓரளவு சரியாகவே சொல்லியிருக்கிறது: மண்ணிலிருந்து 3 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும், நுனியை மட்டும் கிள்ளக் கூடாது. நுனி கிள்ளிய குழல் இலைக்குப் புதிய நுனி வருவதில்லை. வெட்டுவாய் பழுப்பேறி அசிங்கமாக நிற்கும். அடியில் வெட்டினால் புதிய இலைகள் நடுவிலிருந்து எழும். எனக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 வாரம் பிடித்தது. ஆனால் அதற்குக் கூரிய கருவி வேண்டும். பெட்டிக் கத்தரிக்கோல் இலையை வெட்டுவதற்குப் பதிலாக நசுக்கியது. வெங்காயக் குடும்பத்தின் மணம், திசுக்கள் உடையும்போது நொதி ஒன்று கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்த பிறகே பிறப்பது. நசுங்கிய இலை தட்டுக்கு வருவதற்குள்ளேயே மணத்தைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வருகிறது. சமையலறையின் கூரான கத்தியால் அரிந்து, அப்போதே அவித்த உருளைக்கிழங்கின் மேலோ முட்டையின் மேலோ தூவியபோது, வெங்காயத்தின் காரம் இல்லாமல் அதன் நறுமணம் மட்டும் வந்தது. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் அது இருந்த சுவடே தெரிவதில்லை, காயவைத்தாலும் அப்படியே. உறையவைத்தது தேவலை.

நோய், பூச்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்காம் மாதத்தில் ஒரு தொட்டியின் இலைகளில் வெள்ளிக் கீறல்கள் தெரிந்தன, இலைப்பேன். அந்தத் தொட்டியை முழுவதுமாக அடிவரை வெட்டி, இலைகளை அப்புறப்படுத்தி, நீரைப் பீய்ச்சிக் கழுவியதோடு சரியாகிவிட்டது.

ஒரு செய்தியை மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியின் பின்பக்கத்தில், சைவ்ஸ் தொட்டியை முகர்ந்துகொண்டு ஒரு பூனை நிற்பது போன்ற படம் இருக்கிறது. வெங்காயக் குடும்பத்துச் செடிகள் அனைத்தும் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். பூனைகளுக்குப் புல் கொறிக்கும் பழக்கம் உண்டு என்பதும், இந்தச் செடி பார்ப்பதற்குப் புல்லைப் போலவே இருக்கும் என்பதும் ஆபத்தை இன்னும் கூட்டுகின்றன. எச்சரிக்கை அச்சிட வேண்டிய இடத்தில் பூனையை வரைந்து வைத்திருப்பதை அறியாமை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

இவற்றையெல்லாம் விற்பனையாளருக்கு எழுதினேன். இரண்டே நாளில் பணிவான பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டு, இன்னொரு பெட்டியை இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார்கள். பெட்டி வேண்டாம், கையேட்டைத் திருத்துங்கள், குறைந்தது அந்தப் பூனையையாவது எடுத்துவிடுங்கள் என்று பதில் எழுதினேன். அதற்குப் பதில் இதுவரை வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று யோசித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டேன்.

யாருக்கு விதை, யாருக்குச் செடி என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தெரிந்தவர் எவரிடமேனும் வளர்ந்த சைவ்ஸ் புதர் இருந்தால், விதையை நாடவே தேவையில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் புதரைத் தோண்டிப் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் நடுப்பகுதி நெருங்கி நலிந்துவிடும். அப்படிப் பிரிக்கும்போது ஒரு கைப்பிடிக் கொத்தைக் கேட்டு வாங்கி நட்டால், விதைக்காரர் மூன்று மாதம் காத்திருந்து பெறுவதை மூன்று வாரத்தில் பெற்றுவிடலாம். அப்படிக் கேட்க ஆள் இல்லாதவர்கள், பாத்தியின் ஓரம் முழுக்க வரிசையாக நட விரும்புவோர், முளை எழும் அந்தக் கொண்டை ஊசிக் காட்சியைப் பார்க்க ஆசைப்படுவோர் ஆகியோருக்கு விதை ஏற்றது.

மதிப்பெண் என்று கேட்டால், விதைக்கு ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை, இரகப் பெயர் இல்லாததற்காக. குழித்தட்டுக்கு மூன்று, வேறு நாற்றுகளுக்கு இப்போதும் உதவுகிறது. வில்லைகளுக்கும் கத்தரிக்கோலுக்கும் தலா ஒன்று. கையேட்டுக்குச் சுழியம். இதே விதைப் பொட்டலத்தை, அதே சோதனை மாதமும் சதவீதமும் அச்சிட்ட உலோகத்தாள் உறையில், தனியாகவும் இவர்கள் விற்கிறார்கள் என்பதை விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பின்னால்தான் கவனித்தேன். இந்த மதிப்புரையைப் படித்துவிட்டு வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள்.

ஏழாம் மாத முடிவில் என் நான்கு தொட்டிகளிலும் கொத்துக்கு முப்பது நாற்பது இலைகள் நிற்கின்றன. பூ இன்னும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டு விதைப்புக்கும் சோதனைக்கும் போக மீந்த 600-க்கு மேற்பட்ட விதைகளை, காற்றுப் புகாத சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, சோதனை மாதத்தை மேலே எழுதி ஒட்டி, குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் அதிலிருந்து 50 எடுத்து மீண்டும் காகித மடிப்பில் வைத்துப் பார்த்து, எண்ணிக்கையை இதே மதிப்புரையின் கீழ் சேர்க்கிறேன்.